டைனமோ, சோலார், வீட்டுக் கரண்ட்: கேரவன் பேட்டரிக்கு மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. காட்பாடிக்காரர் ஒருவர் டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றியிருக்கிறார். படுக்கைக்கு அடியில் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டால் டியூபுலர் பேட்டரி இரண்டு, பேரலலில். கூரையில் 540 வாட் பேனல் ஒன்று. வண்டி ஓடும்போது சாவியைத் திருப்பினால் சேரும் ஒரு ரிலே வழியாக டைனமோ சார்ஜ். வீட்டு வாசலில் நிறுத்தினால் வண்டிக்குள் இருக்கும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே சார்ஜர். மூன்றும் ஒரே நேரத்தில் போனால் ஒன்றையொன்று கெடுக்குமா? பகல் 11 மணிக்கே சோலார் கன்ட்ரோலர் ‘ஃபுல்’ காட்டுகிறது, இரவு 10 மணிக்கு ஃபேன் நின்றுவிடுகிறது, ஏன்? கத்திரி வெயிலில் வண்டியைத் திறந்தால் நெடி அடிக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, இது வழக்கம்தானா?

முதல் கேள்விக்கு விடை: போகலாம், கெடுக்காது. மற்ற இரண்டும் வழக்கமானவை இல்லை. இரண்டையும் சரி செய்யலாம்.

ஒரு சம்ப்புக்கு நகராட்சிக் குழாய், போர், டேங்கர் லாரி என மூன்று வழியில் தண்ணீர் விழுகிறது, மூன்றுக்கும் தனித்தனி பால் வால்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறும்வரை மூன்றும் கொட்டும். எந்த வால்வு உயரமாக இருக்கிறதோ அது கடைசிவரை ஓடும், மற்றவை முன்பே மூடிக்கொள்ளும். சார்ஜர்களும் அப்படித்தான். பேட்டரி இறங்கியிருக்கும்போது மூன்றின் ஆம்பியரும் கூடும். வோல்டேஜ் 14 பக்கம் வந்ததும், குறைந்த அளவில் செட் செய்த சார்ஜர் ‘நிறைந்துவிட்டது’ என்று ஒதுங்கும். அதிக அளவில் செட் செய்தது மட்டும் தொடரும். ஒதுங்கிய சார்ஜருக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு மூலத்துக்கும் சொந்தக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். எல்லாவற்றின் உச்ச அளவும் பேட்டரி தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய சார்ஜர் அந்தக் கம்பெனி நினைத்த பேட்டரிக்கு, 25 டிகிரி வெப்பத்துக்கு செட் செய்யப்பட்டது. அது வேலூர் மே மாதத்துக்குப் பொருந்துமா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆம்பியர் கணக்கை முதலில் பாருங்கள். டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஏஎச் அளவில் 10 முதல் 15 சதவீதம் வரை சார்ஜ் கரண்ட் போனால் நிம்மதி, 20 சதவீதம் மேல் எல்லை. உங்களிடம் 300 ஏஎச். அதாவது 30 முதல் 45 ஆம்ப். கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் 540 வாட் பேனல் வெயில் உச்சத்தில் கண்ணாடி சுட்டுக் கிடக்கும்போது நிஜத்தில் 400 வாட்டுக்குச் சற்று மேல் தரும். அது சுமார் 30 ஆம்ப். டைனமோ ரிலே வழியில் வருவதற்கு வரம்பே இல்லை, பேட்டரி இறங்கியிருந்தால் 40 கூட வரும், 60 கூட வரும். வீட்டு இன்வெர்ட்டர் 10 முதல் 15 ஆம்ப். வீட்டுக் கரண்டும் ஓடும் எஞ்சினும் ஒரே நேரத்தில் இருக்கப்போவதில்லை, எனவே கவலைப்பட வேண்டிய ஜோடி எஞ்சினும் சோலாரும்தான். வெயில் நேரத்தில் ஓட்டினால் உங்கள் பேட்டரிக்கு 70 முதல் 90 ஆம்ப் வரை போக வாய்ப்பிருக்கிறது. தட்டுகள் சூடாகும், தண்ணீர் ஆவியாகும், ஆயுள் சுருங்கும். டைனமோ பக்கத்தை 20 ஆம்புக்குள் கட்டுப்படுத்தினாலே இந்தப் பிரச்சினை பெரும்பாலும் முடிந்துவிடும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

11 மணி ‘ஃபுல்’ ஏன் பொய்

முதலில் கன்ட்ரோலர் எந்த வகை என்று பாருங்கள். 540 வாட் பேனலின் வேலை வோல்டேஜ் 41 பக்கம், லோடு இல்லாமல் 49 பக்கம். விலை மலிவு என்று பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் போட்டிருந்தால், பேனலின் ஆம்பியர் மட்டும்தான் வரும், வோல்டேஜ் வீணாகும். 13 ஆம்ப் பெருக்கல் 13 வோல்ட், 170 வாட் சொச்சம். மூன்றில் இரண்டு பங்கு போச்சு. 12 வோல்ட் பேனலுக்கென்று செய்த சில பிடபிள்யூஎம் பெட்டிகள் 49 வோல்ட்டைத் தாங்கவும் தாங்காது. இந்தப் பேனலுக்கு எம்பிபிடிதான், அதாவது மிச்ச வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் கன்ட்ரோலர், அதுவும் உள்வரும் வோல்டேஜ் 75 அல்லது 100 வரை தாங்குவதாக இருக்க வேண்டும். பின்னால் இன்னொரு பேனல் சேர்த்தால் சீரிஸில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து குளிர்ந்த காலையில் 100-ஐத் தாண்டிவிடும்.

எம்பிபிடியாகவே இருந்து, 11 மணிக்கே ‘ஃபுல்’ காட்டினால், காரணம் பெரும்பாலும் ஒயரில் இருக்கிறது. கன்ட்ரோலர் தன் சொந்த டெர்மினலில்தான் வோல்டேஜைப் பார்க்கிறது, பேட்டரியில் பார்ப்பதில்லை. கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் 3 மீட்டர் தூரம், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் என்றால், போக வர 6 மீட்டர். 30 ஆம்ப் ஓடும்போது அந்த ஒயரிலேயே கிட்டத்தட்ட 0.8 வோல்ட் விழும். கன்ட்ரோலர் 14.4 என்று பார்த்து வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும்போது பேட்டரியில் 13.6தான் இருக்கும். ஒயரை 16 ஸ்கொயராக மாற்றினால் இந்த இழப்பு 0.2-க்கு இறங்கும். சோதிப்பது எளிது. பத்தரை மணிக்கு வெயிலில் வண்டியை நிறுத்தி, மல்டிமீட்டரால் கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் ஒருமுறை, பேட்டரி டெர்மினலின் ஈயத் தலையிலேயே ஒருமுறை அளந்து பாருங்கள். லக்கின் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) மேல் வைத்து அளக்காதீர்கள், லக்குக்கும் தலைக்கும் நடுவில் உப்பு பூத்திருந்தால் அந்த இழப்பு தெரியாமல் போகும். வித்தியாசம் 0.2-க்கு மேல் இருந்தால் ஒயரோ ஜாயின்ட்டோ குற்றவாளி.

இரண்டாவது காரணம் டைனமோவும் சோலாரும் சேர்வது. காலை 8 மணிக்குக் கிளம்பி ஓட்டும்போது டைனமோ 14.3, 14.4 என்று தூக்கிப் பிடிக்கிறது. சோலார் கன்ட்ரோலருக்கு அந்த வோல்டேஜ் யாரால் வந்தது என்று தெரியாது. இலக்கு வந்துவிட்டதாக எண்ணி தன் 2 மணி நேர டைமரை ஓட்டத் தொடங்கும். 10 மணி சுமாருக்கு டைமர் முடிந்து ஃப்ளோட்டுக்கு, அதாவது நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் 13.6 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். நீங்கள் வண்டியை அணைத்துவிட்டு ஏலகிரியில் மரத்தடி தேடி உட்கார்ந்த பிறகு, நல்ல வெயில் நேரம் முழுக்க அது சும்மா 3, 4 ஆம்ப் மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பேட்டரியோ 80 சதவீதத்தில் நிற்கும்.

இதற்கு செட்டிங்கில் மூன்று மாற்றம். முழு வோல்டேஜில் பிடித்து வைக்கும் நேரத்தை 4 மணியாக்குங்கள். கரண்ட் குறைந்தால் நிறுத்தும் வசதி இருந்தால் அதை 6 ஆம்பில் வையுங்கள், 300 ஏஎச்சில் 2 சதவீதம். ஃப்ளோட்டிலிருந்து மறுபடி முழு சார்ஜுக்குத் திரும்பும் வோல்டேஜை ஃப்ளோட்டுக்கு 0.2 கீழே என்று நெருக்கமாக வையுங்கள். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் ஓடி சற்று இறங்கியதும் பேனல் மறுபடி முழு மூச்சில் வேலை செய்யும்.

இவ்வளவு செய்தும் இரவு 10-க்கே நின்றால், பேட்டரியே நீண்ட நாள் அரைகுறை சார்ஜில் கிடந்து சல்பேட் ஆகியிருக்கலாம், அதாவது தட்டுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்திருக்கலாம். அதை வோல்டேஜ் காட்டாது, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டும். முழு சார்ஜ் ஆன பிறகு இந்த வகை டியூபுலரில் அடர்த்தி 27 டிகிரியில் 1240 அருகே இருக்க வேண்டும். ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் 0.7 புள்ளி குறைவாகக் காட்டும், அதனால் 40 டிகிரி ஆசிட்டில் 1231 வந்தால் அது சரிதான். 12 அறைகளையும் பாருங்கள். ஒரே ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 30 புள்ளி கீழே இருந்தால் அந்தப் பேட்டரி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். பேரலலில் போட்ட பேட்டரிகள் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நெடியும் தண்ணீரும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் குறைவது ஓவர்சார்ஜின் அடையாளம். 14.4 என்பது 25 டிகிரி பேட்டரிக்கான அளவு. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 0.024 வோல்ட் குறைக்க வேண்டும். பேட்டரி 42 டிகிரியில் இருந்தால் 17 டிகிரி வித்தியாசம், 0.4 வோல்ட். ஆகவே சரியான அளவு 14.0, ஃப்ளோட் 13.2. மதியம் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வெளி வெயிலைவிடக் கூடுதல் சூடு இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்பிபிடியில் வெப்ப சென்சார் இருந்தால் அதை பேட்டரியின் பக்கவாட்டில் நடு உயரத்தில் ஒட்டுங்கள், சுவரில் தொங்க விட்டால் பயனில்லை. வீட்டு இன்வெர்ட்டர்களில் இந்த வசதி பொதுவாக இருக்காது. பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சுவிட்ச் பின்பக்கம் இருக்கும். டியூபுலர் நிலையில் வோல்டேஜ் அதிகம், எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றாத மூடிய பேட்டரி) நிலையில் பெரும்பாலும் குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரை குறைந்த நிலையில் வைத்து, நிஜமாக எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழியில் மலைமேல் தங்கும்போது பழைய நிலைக்குத் திருப்ப மறக்க வேண்டாம், குளிரில் 14.0 போதாது.

நெடி வேறு விதத்தில் முக்கியம். கொதிக்கும் பேட்டரி ஹைட்ரஜனை விடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் அது தீப்பிடிக்கும், ஒரு ரிலே சேரும் பொறி போதும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி மிதமிஞ்சிச் சூடாகிவிட்டது. அப்போது செய்ய வேண்டிய வரிசை: கதவுகளைத் திற, வீட்டுக் கரண்டைச் சுவரில் அணை, பேனல் சுவிட்சை அணை, எஞ்சினை நிறுத்து, எல்லோரும் வெளியே வா. பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போகாதீர்கள், கழற்றும் பொறியே ஆபத்து.

படுக்கைக்கு அடியில் திறந்த வாயுள்ள பேட்டரி வைப்பதே எனக்கு ஒப்பாத காரியம். டால் டியூபுலர் வீட்டு மூலையில் ஆடாமல் நிற்பதற்காகச் செய்தது. இரண்டும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல், உயரமும் அதிகம், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து சாய்ந்து ஏறும்போது ஆசிட் மூடி வழியே கசியும். இப்போதைக்கு அதையே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதன் மேல் மூலையிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் ஒரு குழாய், அடியில் காற்று உள்ளே வர தரை வழியாக இன்னொரு துளை, இரும்புப் பட்டையால் தரையோடு கட்டு. ஹைட்ரஜன் மேலே போகும், அதனால் வெளிவழி மேலேதான் இருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் பேட்டரியைத் தவிர வேறு எதுவும் கூடாது. இன்வெர்ட்டர், ரிலே, கன்ட்ரோலர் எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம்.

தண்ணீர் என்றால் பேட்டரிக்கென விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள், அது தூசியும் உலோகமும் கலந்தது. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் கொதிக்கும்போது பொங்கி வழியும். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே விடலாம்.

டைனமோ பக்கம்

சாவியால் சேரும் ரிலேயில் ஒளிந்திருக்கும் கோளாறு ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பியதுமே ரிலே சேர்ந்துவிடுகிறது, ஸ்டார்ட்டர் அதன் பிறகு சுற்றுகிறது. டீசல் ஸ்டார்ட்டர் சில நூறு ஆம்ப் இழுக்கும். வண்டி பேட்டரி சற்று சோர்ந்திருந்தால், மிச்சத்தை உங்கள் படுக்கைக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்து அந்த மெல்லிய சார்ஜ் ஒயர் வழியே உறிஞ்சும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால் அதன் பிறகு இரண்டு பேட்டரியும் எப்போதும் ஒன்றுதான், ராத்திரி ஃபேன் ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது. பல பேர் இதை ‘வண்டி பேட்டரி வீக்’ என்று நினைத்துப் புதிதாக வாங்குகிறார்கள்.

இதற்குச் சரியான பொருள் டிசி-டிசி சார்ஜர். டைனமோவிடம் எவ்வளவு வோல்டேஜ் இருந்தாலும் தன் பங்குக்கு நிலையான ஆம்பியரும் நிலையான சார்ஜ் படிகளும் தரும். எஞ்சின் ஓடாதபோது துண்டித்துக்கொள்ளும். உங்கள் பேட்டரிக்கு 20 ஆம்ப் போதும், அளவு மாற்றக்கூடிய 30 ஆம்ப் கிடைத்தால் வாங்கி 20-இல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர ஓட்டத்தில் 40 ஏஎச் ஏறும். இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் டைனமோவின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அது வேகமாகச் சுற்றும்போது வருவது. ஐடிலில் அதில் பாதிகூட வராமல் போகலாம், மலைப்பாதையின் முதல் கியரில் காற்றோட்டமும் குறைவு. ஹெட்லைட், ஏசி ஃபேன் போக மிச்சத்தில்தான் உங்கள் சார்ஜர் வாழ வேண்டும். டைனமோ ரேட்டிங்கில் 40 சதவீதத்துக்கு மேல் கேட்காமல் இருந்தால் அது வெந்து போகாது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டியானால் இன்னொன்று பாருங்கள். வண்டி பேட்டரியின் நெகட்டிவ் தலையில் சிறு கட்டியாக ஒரு சென்சார், அதிலிருந்து மெல்லிய ஒயர் போகிறதா? போனால் அது கம்ப்யூட்டர் சொல்லும்படி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டைனமோவாக இருக்கலாம். சில நேரம் 12.5-க்குக் கூட இறங்கும். வோல்டேஜ் பார்த்துச் சேரும் ரிலே அங்கே குழம்பி அடிக்கடி விடும், சேரும். டிசி-டிசிக்கு எஞ்சின் ஓடும்போது மட்டும் 12 வோல்ட் வரும் ஒரு சிக்னல் ஒயர் கொடுத்தால் குழப்பம் இல்லை. நெகட்டிவ் ஒயரை அந்தச் சென்சாருக்கு வெளிப்பக்கம், சேசிஸில் கட்டுங்கள். நேராக பேட்டரித் தலையில் கட்டினால் நீங்கள் எடுக்கும் கரண்ட் கம்ப்யூட்டரின் கணக்கில் வராது.

பஸ் சேசிஸில் கேரவன் கட்டியவர்களுக்கு ஒரு வரி: அந்த வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுக்கும் பழக்கம் ஒன்றை வறட்டி மற்றதைக் கொதிக்க வைக்கும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் டிசி-டிசியே வழி.

ஒயரும் ஃபியூஸும்

ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் போதும் என்ற நினைப்பு வீட்டு ஒயரிங்கிலிருந்து வந்தது. அங்கே கரண்ட் ஒரு பக்கமிருந்துதான் வருகிறது. கேரவனில் முன்பேட்டரிக்கும் பின்பேட்டரிக்கும் நடுவில் ஓடும் ஒயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்கேயாவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், முன்பக்க ஃபியூஸ் போனாலும் பின்பேட்டரி அந்த ஒயரைப் பழுக்க வைக்கும். இரண்டு முனையிலும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும்.

20 ஆம்ப் டிசி-டிசிக்கு உள்ளே போகும் கரண்ட் 25 ஆம்ப் சுமார். முன்னிருந்து பின்னுக்கு 6 மீட்டர் என்றால் 10 ஸ்கொயர் ஃப்ளெக்சிபிள் செம்பு ஒயரில் அரை வோல்ட் விழும், அது பரவாயில்லை. 30 ஆம்ப் வைக்க எண்ணமிருந்தால் 16 ஸ்கொயர். முன்பக்கம் 40 ஆம்ப் ஃபியூஸ், பின்பக்கம் 30. எம்பிபிடியிலிருந்து வரும் ஒயருக்கு 40. இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 900 விஏ என்றால் 80 ஆம்ப் இழுக்கும், 25 ஸ்கொயர் ஒயரும் 125 ஆம்ப் ஃபியூஸும். பேரலல் பேட்டரி ஒவ்வொன்றின் பாசிட்டிவுக்கும் தனி ஃபியூஸ் வைத்து, ஒன்றின் பாசிட்டிவிலும் மற்றதன் நெகட்டிவிலும் இணைப்பை எடுங்கள். ஒரே பேட்டரியின் இரண்டு தலையிலும் எடுத்தால் அந்த ஒன்றுதான் எப்போதும் கூடுதலாக உழைக்கும்.

வீட்டு ஏசி எம்சிபியை இங்கே போடாதீர்கள். ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணைகிறது, டிசியில் அது நடக்காது. டிசி எம்சிபியிலும் பிளஸ், மைனஸ் குறித்தவை ஒரு திசைக்கு மட்டும். பேட்டரி ஒயரில் கரண்ட் இரு திசையும் போகும், அங்கே திசை குறிக்காத வகை அல்லது போல்ட் போடும் ஃபியூஸ். கிட்கேட் ஃபியூஸில் ஒயர் இழை சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் போடச் சொல்லுங்கள்.

எல்லா மூலமும் எல்லா லோடும் பேட்டரித் தலையில் குவியாமல் ஒரு பாசிட்டிவ் பஸ்பாருக்கும் ஒரு நெகட்டிவ் பஸ்பாருக்கும் (பல ஒயர்கள் ஒன்றாகச் சேரும் உலோகப் பட்டை) வரட்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் பஸ்பாருக்கும் நடுவில் ஒரு ஷன்ட் மீட்டர். மூன்று மூலமும் சேர்ந்து எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அது ஒன்றுதான் சொல்லும், சோலார் கன்ட்ரோலரின் திரை தன் கதையை மட்டும் சொல்லும். சோலாருக்கு ஓர் ஒழுங்கு: இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இருந்தால் பல கன்ட்ரோலர்கள் வெளியே தாறுமாறான வோல்டேஜ் விடும்.

வீட்டு வாசலில்

30 ஆம்ப் சார்ஜர்கூட 230 வோல்ட்டில் 2 ஆம்ப் சொச்சம்தான் எடுக்கும், 6 ஆம்ப் பிளக் தாராளம். ஏசியும் ஓட்டுவதானால் 16 ஆம்ப் பிளக், 2.5 ஸ்கொயர் மூன்று கோர் ஒயர், சுருளை முழுக்கப் பிரித்து. ஆனால் இங்கே பயம் ஆம்பியரில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. ரப்பர் டயர் மேல் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட் கசிந்தால், எர்த் இல்லாவிட்டால், படியில் கால் வைத்து இறங்கும் ஆள்தான் எர்த். செருகுமுன் மல்டிமீட்டரில் மூன்று அளவு: பேஸ்-நியூட்ரல் 230, பேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள். பேஸ்-எர்த்தில் 100 அல்லது 120 காட்டினால் அந்த எர்த் பின் எங்கும் போய்ச் சேரவில்லை, லாட்ஜ்களிலும் பழைய வீடுகளிலும் இது சகஜம். அங்கே செருக வேண்டாம். வண்டிக்குள் நுழைந்ததும் முதலில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), பிறகு எம்சிபி, எர்த் ஒயர் சேசிஸோடு போல்ட்டில். செருகும்போது வண்டிப் பக்கம் முதலில், சுவர் கடைசியில். இரண்டு முனையிலும் ஆண் பின் உள்ள ஒயரை யாராவது செய்து தந்தால் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

வீட்டுக் கரண்டும் இன்வெர்ட்டர் அவுட்புட்டும் எந்த நிலையிலும் ஒன்றைத் தொடக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் உள்ளேயே மாற்றும் ரிலே இருப்பதால் அதன் வழியே போகும் லைனுக்குப் பிரச்சினை இல்லை. தனியாக இன்வெர்ட்டர் வைத்தால் நடுவில் ஆஃப் நிலை உள்ள இரண்டு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும், பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுவது. கூடுதலாக ஒரு சார்ஜர் வாங்கி வண்டிக்குள் இருக்கும் சாக்கெட்டில் செருகுபவர்கள் உண்டு. வெளிக் கரண்ட் போனதும் அந்த சாக்கெட் இன்வெர்ட்டரில் ஓடும், சார்ஜர் அதே பேட்டரிக்கே திருப்பிக் கொடுக்கும், சுற்றுக்குச் சுற்று இழப்பு. ஒரே இரவில் பேட்டரி காலி. சார்ஜரின் இணைப்பு சேஞ்ச்ஓவருக்கு முன்னால் இருக்க வேண்டும்.

லித்தியத்துக்கு மாறினால்

அடுத்த பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் கணக்கு எளிதாகும். 200 ஏஎச் பேட்டரி 100 ஆம்ப் வரை வாங்கும், மூன்று மூலமும் முழு வேகத்தில் ஓடலாம், பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) அவ்வளவு சார்ஜ் கரண்டை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எல்லா சார்ஜரிலும் 14.2, ஃப்ளோட் 13.5, ஈக்வலைஸ் (லெட் ஆசிட்டுக்கான கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) ஆஃப், வெப்பத் திருத்தம் ஆஃப். ஆனால் டிசி-டிசி இல்லாமல் டைனமோவோடு சேர்க்கவே கூடாது. இதன் உள்மின்தடை மிகக் குறைவு, டைனமோவின் முழு பலத்தையும் மணிக்கணக்கில் உறிஞ்சும். நிறைந்ததும் பிஎம்எஸ் பட்டென்று துண்டித்தால் வரும் வோல்டேஜ் துள்ளல் டைனமோவின் டயோடை முடித்துவிடும். வழக்கமாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் வேண்டாம் என்பார்கள், எனவே எஞ்சின் பக்கமோ சைலன்சர் மேலோ வைக்காதீர்கள். பிரதான ஃபியூஸ் கிளாஸ் டி (Class T) வகை, ஷார்ட்டில் வரும் ஆயிரக்கணக்கான ஆம்பை மலிவு ஃபியூஸ் நிறுத்தாது. பழைய டியூபுலரோடு பேரலலில் போட்டு ‘அதுவும் வீணாகாமல்’ ஓட்ட நினைக்க வேண்டாம்.

பணம் ஒரேயடியாக இல்லை என்றால் வரிசை இது. முதலில் இரு முனை ஃபியூஸ், ஆர்சிசிபி, பேட்டரிப் பெட்டிக்குக் காற்றுவழி. அடுத்து சோலார் ஒயர் மாற்றமும் செட்டிங்கும், இதற்கு ஆயிரங்கள் ஆகாது. பிறகு ஷன்ட் மீட்டர், அதன் பிறகு டிசி-டிசி. டிசி-டிசி வரும்வரை டைனமோ ரிலேயின் சிக்னலைச் சாவியிலிருந்து எடுத்து, டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு அணைந்த பின் நீங்களே போடும் ஒரு சுவிட்சுக்கு மாற்றிவிடுங்கள். அதை நண்பகல் வெயிலில் ஓட்டும்போது அணைத்தே வையுங்கள், பேனலே போதும். மொத்தமும் முடிந்ததும் டிசி கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு மூலத்தையும் தனியாக, பிறகு சேர்த்து அளந்து, கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனலிடமிருந்து பாதி கூட எதிர்பார்க்க வேண்டாம், ஷெட்டுக்குள் நிறுத்தினால் ஒன்றுமே இல்லை. டியூபுலரை அப்போது வீட்டுக் கரண்டில் ஃப்ளோட்டில் விடலாம், லித்தியத்தை 50, 60 சதவீதத்தில் நிறுத்திப் பிரதான சுவிட்சை அணைத்து வையுங்கள். வண்டி நின்றிருக்கும்போது முன்பக்க வண்டி பேட்டரிக்கு இந்த மூன்று மூலத்தில் எதுவும் போவதில்லை என்பதால் அதற்கென்று 2 ஆம்ப் சிறு சார்ஜர் ஒன்று தனியாகப் போட வேண்டும், அல்லது மாதம் இருமுறை எடுத்து அரை மணி நேரம் ஓட்டி வர வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு அணைத்தால், ஸ்டார்ட்டர் எடுத்ததையே அது திருப்பித் தந்திருக்காது.